தேவையான அளவு

தமிழில் அச்சாகும் சமையல் குறிப்புகளில் உப்பு கடைசி வரியில் வரும். 'உப்பு – தேவையான அளவு.' யாருக்குத் தேவையான அளவு என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. வீட்டு ஆண் முதல் கவளத்தை வாயில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கவளத்துக்குப் போனால் அது தேவையான அளவு. தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினால் அது தப்பான அளவு. சமைத்தவளின் நாக்குக்கு இதில் வேலையில்லை. பல வீடுகளில் பரிமாறி முடிக்கும்வரை அவள் ருசி பார்ப்பதே எச்சில் என்று விலக்கப்பட்டிருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்காமல் கொதியின் வாசத்தை வைத்தே உப்பைக் கணக்கிடச் சொல்லி, கூடினாலும் குறைந்தாலும் அவளைத் திட்டிய சமூகம்தான் பெண்களுக்கு அளவு தெரியாது என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழர் அளவைகள் பற்றிய ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் கட்டுரை படித்தார். முகத்தலளவை, நிறுத்தலளவை, நீட்டலளவை எல்லாம் வரிசையாக வந்தன. முடிக்கும்போது அரங்கைச் சிரிக்க வைக்க ஆசைப்பட்டார். "இவ்வளவு துல்லியமான அளவைகள் நமக்கு இருந்தன. ஆனால் நம் வீட்டம்மாவிடம் மட்டும் அளவு கேட்டுவிடாதீர்கள். 'கொஞ்சம்' என்பார்கள், 'கண்ணால பாத்துப் போடுங்க' என்பார்கள்." அரங்கு சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். தேநீர் இடைவேளையில் அதே மனிதர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கம்மா வைக்கிற வத்தக்குழம்பு மாதிரி இனிமே யாரும் வைக்க முடியாதும்மா. அது கைமணம். அதை எந்தப் படியாலயும் அளக்க முடியாது" என்று கண்கலங்கினார்.

ஒரே வாயிலிருந்து அரைமணி நேர இடைவெளியில் வந்த இரண்டு பேச்சு. முதலாவது இளக்காரம், இரண்டாவது பூஜை. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் செய்தி ஒன்றே: பெண்கள் சமையலறையில் செய்வது அறிவு ஆகாது, ஆகவே அதற்குக் கணக்கு வைக்க வேண்டியதில்லை. கணக்கு வைக்காத வேலைக்குக் கூலியும் கிடையாது, காப்புரிமையும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

அவர் பெருமையோடு அடுக்கிய வாய்ப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். மனப்பாடம் செய்ய அழகாக இருக்கிறது. ஆனால் வாய்ப்பாடு ஒன்றாக இருந்ததே தவிர பாத்திரம் ஒன்றாக இருக்கவில்லை. நெல்லைச் சீமைக்குப் போனால் கலத்தை யாரும் கேட்க மாட்டார்கள், அங்கே கோட்டை. கோட்டைக்கு 21 மரக்கால். கொங்கில் வள்ளம். படி என்ற ஒன்றிலேயே சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி. இன்றைய கணக்கில் ஓர் ஊர்ப் படி ஒன்றேகால் லிட்டரை ஒட்டி நிற்கும், இன்னோர் ஊர்ப் படி ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். போதாததற்கு, தலைதட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்ற கேள்வி வேறு. குவித்தால் அதே படி இன்னொரு படியாகிவிடும். ஊர்கூடி, பஞ்சாயத்து வைத்து, கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து ஆண்கள் நடத்திய அளவைகளின் லட்சணம் இது. இதற்குப் பெயர் 'வட்டார மரபு'. இதைப் பற்றிப் பட்ட ஆய்வு செய்யலாம். பெண்ணின் கைப்பிடி மட்டும் நகைச்சுவைத் துணுக்கு.

அரசர்களுக்கு அளவைகளின் அருமை தெரிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்று பெயர் சூட்டிய மரக்கால் வருகிறது, அது 'ராஜகேசரி'யோடு ஒத்தது என்ற குறிப்போடு. ராஜராஜன் கோயில் பணிக்குக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு பங்கு; ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லானால் அளந்து. அந்தப் பெண்களின் பெயர்களும் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும்கூடக் கல்லில் இருக்கின்றன. (இதை வைத்துப் பொற்காலக் கதை எழுத வருகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.) ஊதியம் உண்டு என்று ஆகும்போது பெண்ணின் பெயரும் வருகிறது, அளவும் வருகிறது, மரக்காலுக்குப் பெயரும் வருகிறது. அந்த நெல்லை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குத்திப் புடைத்துச் சோறாக்கிய அகப்பைக்கும் ஆழாக்குக்கும் எந்தக் கல்லிலும் பெயரில்லை.

அளவு எங்கே வேண்டுமென்றே முன்பின்னாக வைக்கப்பட்டது என்பதை எனக்குச் சொன்னவர் என் அப்பாயி. அப்பாவின் அம்மா. கீழத்தஞ்சையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர், நெல்லாகக் கூலி வாங்கியவர். பண்ணையில் இரண்டு மரக்கால் இருக்கும் என்பார். குத்தகை நெல்லை வாங்குவதற்கு ஒன்று, கூலி நெல்லைப் போடுவதற்கு ஒன்று. ஒரே மரக்காலாக இருந்தாலும் கை வேறாக இருக்கும். வாங்கும்போது மரக்காலை இரண்டு தட்டுத் தட்டிக் குலுக்கினால் நெல் இறங்கி இன்னும் இரண்டு பிடி கொள்ளும். மேலே கோபுரமாகவும் குவிக்கலாம். கொடுக்கும்போது மெல்லச் சொரிந்து, தட்டாமல், கம்பால் ஒரு வழி வழித்தால் நெல்லுக்கு நெல் இடைவெளி விட்டு நிற்கும். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரு மரக்கால்தான்.

"எப்படி அப்பாயி கண்டுபிடிப்ப?" என்று கேட்டிருக்கிறேன்.

"மடியில வாங்கயிலேயே தெரிஞ்சிரும்டி. வூட்டுக்கு வந்து செறங்கையால அள்ளிப் போட்டுப் பாப்பேன். இத்தனை செறங்கைன்னு எனக்குக் கணக்கு. கொறஞ்சா மறுநா போயி நிப்பேன்."

சிறங்கை என்பது ஒரு கையைக் குழித்தால் கொள்ளும் அளவு. பண்ணையின் முத்திரை மரக்காலைச் சோதிக்க அவளிடம் இருந்த ஒரே தரக்கருவி அவள் கை. அந்தக் கை அளவுக்கு லாயக்கில்லாதது என்று சொல்கிறவர்கள், அது எந்த அளவைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுநாள் போய் நின்றபோது கிடைத்தது நெல்லா அடியா என்று அப்பாயி எல்லா நேரமும் சொன்னதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதுதான் அந்தப் பகுதியின் போராட்டம் என்று இன்றும் நினைவுகூரப்படுகிறது. அரைப்படி. அதே காலத்தில், எடை அளவைத் தரச் சட்டம் 1956இல் வந்து கிலோவும் லிட்டரும் கட்டாயமாகிவிட்ட பிறகு, 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் மக்கள் முன் வைத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. கிலோவில் அண்ணா ஓட்டுக் கேட்கவில்லை. எந்த ஊர்ப் படி என்று யாரும் மேடையேறிக் கேலி செய்யவும் இல்லை. அந்த வாக்குறுதியைக் காதில் வாங்கி, மூன்று படி எத்தனை நாளைக்கு வரும் என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அடுப்படியில் இருந்தவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ் படித்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு. ஒன்பது எழுத்துகள். அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் அளவுப் பெயர்களைப் பாருங்கள்: கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. இதில் சாடி எது, பானை எது, அகல் எது? அடுக்களைச் சாமான்கள். நிறைக்குக் காட்டுபவற்றில் கழஞ்சும் பலமும் இருக்கின்றன, கூடவே சீரகம் இருக்கிறது, தொடியும் இருக்கிறது. அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு பெயர், பெண்ணின் கையிலிருந்து ஒரு பெயர். இந்தச் சொற்களை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். எழுத்து எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்ப்போம், தேர்வில் ஐந்து மதிப்பெண் கேட்போம். பானையும் சாடியும் அளவையாக இருந்த ஓர் உலகத்தில் அளவு யார் கையில் புழங்கியிருக்கும் என்று எந்த உரையிலும் ஒரு வரி இல்லை. நாழிக்கு அரசாங்க முத்திரை கிடைத்தது. தூதை அருஞ்சொற்பொருள் பட்டியலுக்குப் போனது.

இனி அடுப்படிக் கணக்குக்கு வருகிறேன்.

இட்லிக்கு நாலுக்கு ஒன்று. நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. எந்தத் தம்ளரில் என்று கேட்பவனுக்கு இந்தக் கணக்கு புரியவே இல்லை என்று பொருள். எந்தத் தம்ளராக இருந்தாலும் சரி, இரண்டையும் அதே தம்ளரில் அள்ளு. தம்ளர் நசுங்கியிருந்தாலும் விகிதம் நசுங்காது. ஊருக்கு ஊர் படி மாறும் நாட்டில் இதைவிடப் புத்திசாலித்தனமான அளவுமுறை இருக்க முடியுமா? இதில் உளுந்து புதுசாக இருந்தால் ஒரு கை குறைப்பார்கள், பழசானால் ஒரு கை கூட்டுவார்கள். புழுங்கலரிசி பழசாக இருந்தால் தண்ணீர் கூடக் கேட்கும், புது அரிசிக்கு அதே தண்ணீர் வைத்தால் குழைந்து போகும். ஒரு கரண்டி தூள் உப்பும் ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரே எடை இல்லை. கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி, பண்ணையார் மரக்கால் மாதிரி. புது வெல்லம், பழைய வெல்லம், மழை நாள் வெல்லம் என்று மூன்று வெல்லத்துக்கும் கிராம் கணக்கு ஒன்றாக இருக்க முடியாது. அதனால்தான் அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவள் வெல்லத்தின் எடையைச் சொல்லாமல், பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் உருள வேண்டும் என்கிறாள். ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி, உருட்டுப் பதம் என்பவை எல்லாம் பாகின் அடர்த்தியை அளக்கும் படிநிலைகள். மிட்டாய்த் தொழிற்சாலையில் வெப்பமானி வைத்து இதையே செய்கிறார்கள், அங்கே அது தரக்கட்டுப்பாடு. 'நெல்லிக்காய் அளவு புளி' என்றால் புளி பழசா புதுசா, கொட்டை எடுத்ததா எடுக்காததா என்று பார்த்துத் திருத்திக்கொள் என்ற அனுமதியும் அதற்குள் இருக்கிறது.

'வெள்ளைக்காரர்கள் கப்பும் ஸ்பூனும் வைத்து ஒழுங்காக எழுதினார்கள்' என்பது அடுத்த வாதம். ஒழுங்காக எழுதியதும் ஒரு பெண்தான். ஃபேனி ஃபார்மர், பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம், 1896. தலைதட்டிய கப், தலைதட்டிய ஸ்பூன் என்று வலியுறுத்தியவர். அதற்குப் பிறகும் அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் 15. நம் வீட்டு எலக்ட்ரிக் ரைஸ் குக்கருடன் ஒரு பிளாஸ்டிக் கப் வருகிறதே, அது 180 மில்லி. 'கோ' என்கிற பழைய ஜப்பானிய அரிசி அளவு அது. ஜப்பானியப் பாட்டியின் அளவு பெட்டிக்குள் வைத்து விற்கப்படும்போது நமக்கு அது விஞ்ஞானம். நம் பாட்டியின் ஆழாக்கு பழைய பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போய்விட்டது.

எழுதி வைக்க முனைந்தவர்கள் இங்கும் இருந்தார்கள். இளம் வயதில் கணவரை இழந்த எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' வெளியிட்டார். கல்யாணமாகித் தூரதேசம் போன பெண்கள், பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இல்லாதவர்கள், அதைப் பார்த்துச் சமைத்தார்கள். ஒரு சாதியின் சமையலே அதில் இருக்கிறது, அது உண்மை. கருவாட்டுக்கும் நண்டுக்கும் ரத்தப் பொரியலுக்கும் அப்படி அச்சேறும் வாய்ப்பு வர எத்தனை பத்தாண்டுகள் ஆயின என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆனாலும் அளவு எழுத முடியாது என்று சொன்னவர்களின் காலத்திலேயே ஒரு பெண் உட்கார்ந்து எழுதினார் என்பதும் உண்மை.

போன வருடம் அம்மாவை ஒரு மின்தராசுக்கு முன் உட்கார வைத்தேன். சண்டைக்கு ஆதாரம் சேர்க்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம்தான். "பத்துப் பிடி அரிசி அள்ளிப் போடும்மா, தனித்தனியா" என்றேன். "ஒனக்கு வேற வேலையே இல்லையாடி" என்று கேட்டுக்கொண்டே அள்ளினாள். மிகக் குறைந்த பிடிக்கும் மிகக் கூடிய பிடிக்கும் நாலு கிராம் வித்தியாசம். எழுபத்தொரு வயது, வலது கட்டைவிரலில் மூட்டுவலி. நான் வெற்றிக்களிப்பில் குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "சரி, இன்னிக்கு நம்ம எல்லாருக்கும் எவ்வளவு வைப்ப, அதை அள்ளு" என்றேன். அள்ளினாள். நான் எடை போட்டு, ஆளுக்கு இத்தனை கிராம் என்று வகுத்துப் பார்த்தேன். கணக்கு இடித்தது. வீட்டில் அன்று ஐந்து பேர். அரிசி நாலு பேருக்கு இருந்தது.

"யாரும்மா சாப்பிடல?"

"எல்லாரும்தான். எனக்கென்னடி, மிச்சம் கெடக்கும்."

அளவு பிசகாத கை அது என்பதை அப்போதுதான் முழுதாக ஒப்புக்கொண்டேன். ஐம்பது வருடமாக ஒரே ஆளை, ஒரு பிடிகூடத் தவறாமல், துல்லியமாக விட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

புறநானூற்றில் நக்கீரர் பாட்டு ஒன்று பாடத்திட்டத்தில் அடிக்கடி வரும். உலகை ஒரு குடைக்கீழ் ஆள்பவனும், உறக்கமில்லாமல் விலங்கின் பின்னால் திரியும் கல்லாதவனும் உண்பது ஒரே நாழிதான் என்பது அதன் சாரம். சமத்துவம், ஈகை என்று நாங்கள் விளக்குவோம். இளங்கலை முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அந்த நாழிய வடிச்சவங்க எவ்வளவு சாப்பிட்டாங்க மேடம்?" அவள் வீட்டில் விடுதிச் சாப்பாட்டுக்குத்தான் முதல் முறையாக முதல் பந்தியில் உட்கார்ந்தவள் என்று பிறகு சொன்னாள். அரசனுக்கும் வேடனுக்கும் நாழி உண்டு. அவளுக்கான முகத்தலளவையின் பெயர் மிச்சம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம் பேருக்கு. மாதவிடாய், பிரசவம், வறுமை என்று காரணங்கள் பல உண்டு. கடைசியாக உட்கார்ந்து அடிச்சட்டி வழித்துத் தின்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க எந்த மருத்துவரும் தயங்க மாட்டார்.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் அரிசிக் குதிரின் சாவி மாமியாரிடம் இருக்கும். மருமகள் ஆக்க வேண்டிய அரிசியை ஆழாக்கால் அளந்து போடுவது மாமியார். 'அளந்து போடறா' என்ற பேச்சுக்கு எங்கள் பக்கம் நல்ல அர்த்தம் கிடையாது. மருமகளின் வயிற்றை மாமியாரின் ஆழாக்கு தீர்மானித்தது. மசாலாவின் அளவை மருமகளுக்குச் சொல்லாமலே செத்துப்போன கிழவிகளை எனக்குத் தெரியும். நிலம் இல்லை, பணம் இல்லை, பெயரும் இல்லை. மல்லிக்கு எத்தனை பங்கு மிளகாய் என்பது ஒன்றுதான் அவள் சொத்து. அதை அவள் எளிதில் கொடுக்கவில்லை. இதை 'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்று கூவுவதற்கு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குதிரின் சாவி அவளிடம் இருந்தது, குதிர் யார் பெயரில் இருந்தது என்று பட்டாவைப் பாருங்கள்.

அளந்து போடும் ஆழாக்குக்கு எதிராக மருமகளிடம் இருந்தது பிடி. உலையில் போடும் முன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பது. நாளொரு பிடி. மாசக்கடைசியில் அது ஒரு குழந்தைக்கு மருந்து, ஒரு சீட்டுக்குக் காசு, தாய்வீட்டுக்குப் போகப் பேருந்துக் கட்டணம். கண்ணளவாகச் சமைப்பதால்தான் அந்தப் பிடி யார் கண்ணிலும் படவில்லை. மிசோரமில் தேவாலயத்துப் பெண்கள் 1910லிருந்து ஒவ்வொரு வேளை உலையிலும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிச் சேர்க்கிறார்கள். அந்தப் பிடிகளிலிருந்து சபையின் பணிகள் நடந்திருக்கின்றன. கிராமில் எழுதி வைத்த வீட்டில் இது நடக்குமா என்பது சந்தேகம்தான். எல்லாவற்றையும் அளந்து எழுதி வை என்று பெண்ணிடம் சொல்லும்போது, அந்த ஏட்டை யார் படிப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கைமணத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் சொல் அதுதான். அம்மாவின் கையில் மணம் இருக்கிறது என்று நம்பிவிட்டால், மகன் அந்தக் குழம்பைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கையோடு பிறக்க வேண்டுமே. இதே மகன் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் போனால், ஆயிரம் பேருக்கு எத்தனை கிலோ பருப்பு, எத்தனை டின் எண்ணெய் என்று பட்டியல் வாங்கி முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறான். அங்கே ஆண் கை. அதற்கு மணம் இல்லை போலிருக்கிறது, விலை மட்டும் இருக்கிறது. அந்தப் பந்தலுக்குப் பின்னால் தேங்காய் துருவி, வெங்காயம் உரித்து, அண்டா கழுவும் பெண்களுக்கு நாட்கூலி.

கைக்குச் சாதியும் உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்க விடக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அவரை இடமாற்றம் செய்து, எதிர்ப்பு எழுந்த பிறகே பழைய இடத்துக்குத் திரும்ப விட்டார்கள். அரிசியும் பருப்பும் அரசு அளந்து கொடுத்ததுதான், அதில் யாருக்கும் குறை இல்லை. கை பிடிக்கவில்லை. அம்மாவின் கைமணத்தைப் பாடும் நாவுகள் இந்தக் கையைப் பற்றி என்ன பாடின?

மதிய உணவுத் திட்டத்தின் அளவுகளைப் பார்த்தால் அரசுக்கு எவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரியும் என்று புரியும். ஒன்றிய அரசின் விதிப்படி தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். அதற்கு மேல் வகுப்புக்கு 150, 30, 75, எண்ணெய் 7.5. அரைக் கிராம் வரை கணக்கு. நல்லது, பிள்ளைகளுக்கு அளந்தே போடுங்கள். அதைச் சமைக்கும் பெண்ணுக்கு அதே ஒன்றிய அரசு 2009இல் நிர்ணயித்தது மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பத்து மாதத்துக்கு. அதற்குப் பெயர் ஊதியம்கூட இல்லை, மதிப்பூதியம். மாநிலங்கள் தம் பங்குக்குக் கூட்டிக் கொடுக்கின்றன. 1982லிருந்து சத்துணவை நடத்தும் தமிழ்நாட்டிலும் காலமுறை ஊதியம் கொடு என்று அந்தப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து எழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். விறகுப் புகையிலும் கேஸ் வெக்கையிலும் எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று அளக்க வேண்டிய இடம் வந்ததும் அரசாங்கமும் 'தேவையான அளவு' என்று எழுதிவிடுகிறது.

ஆகவே எனக்கு வேண்டியது பழைய ஆழாக்கை மீட்டெடுக்கும் இயக்கம் இல்லை. பித்தளை ஆழாக்கைத் துலக்கி வரவேற்பறையில் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். கிராம் தராசோடும் எனக்குப் பகை இல்லை, என் வீட்டில் ஒன்று இருக்கிறது, என் மகன் அதை வைத்துத்தான் சாம்பார் வைக்கிறான். அவனுக்குக் கைமணம் இல்லை, சாம்பார் நன்றாகவே இருக்கிறது. சமையல் புத்தகம் போடும் பதிப்பாளர்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். 'நால்வருக்கு' என்று போடுகிறீர்களே, அந்த நால்வரில் சமைப்பவரும் ஒருவரா என்று பக்கத்தில் போடுங்கள். இரண்டாவது, 'தயாரிக்கும் நேரம்' என்ற வரி. ஆழாக்கும் படியும் சொன்ன பொய்யை எல்லாம் சேர்த்து வைத்தாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாருக்காகக் கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். அப்படி வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97. அப்படி வேலை செய்யும் ஆண்களே நால்வரில் ஒருவர்தான். இந்த 299 நிமிடத்தில் பெரும்பகுதி புத்தகத்தில் 'நறுக்கியது – ஒரு கப்', 'ஊறவைத்து அரைத்தது – இரண்டு கப்', 'சுத்தம் செய்தது – ஒரு கட்டு' என்று பொருள் பட்டியலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. யார் நறுக்கியது, எப்போது ஊறவைத்தது?

என் மேசையில் இருக்கும் புத்தகத்தில் வாழைப்பூ வடை: ஆய்ந்த வாழைப்பூ ஒரு கப், கடலைப்பருப்பு ஒரு கப், தயாரிக்கும் நேரம் 20 நிமிடம். ஒரு பூவில் மடல் மடலாக விரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளன் எடுத்து, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட்டு முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. கையில் எண்ணெய் தடவாமல் உட்கார்ந்தால் விரல் கறை போக இரண்டு நாள்.